நாயனம் கேட்ட பக்கம்

அஜந்தா ஒரு படத்தின் பாட்டுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டுவிட்டால், குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்சில் அதற்கு மேல் பேச்சில்லை. அவள் நாலு கொடுத்த பாட்டை டிரைவர் தன் பென்டிரைவில் ஏற்றமாட்டார். எட்டுக் கொடுத்த பாட்டை மாதக்கணக்கில் ஓடவிடுவார். பஸ்சின் இடப்பக்க ஸ்பீக்கர்கள் ஒரு கார்த்திகை மழையில் நனைந்து செத்துப்போய், அதன்பிறகு வலப்பக்கத்தவை மட்டுமே பாடிக்கொண்டிருந்தன. திருத்தச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பாட்டுக் கேட்டது, அது காணும், போதும் என்று இருந்தார்கள்.

அவள் சங்கீதம் படித்தவள் அல்ல. நயினாதீவில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, வேலணைப் பிரதேச செயலகத்தில் பத்தொன்பது வருடமாக முகாமைத்துவ உதவியாளராக இருப்பவள். கடிதத்தில் ஒரு சொல் பிசகினாலும் திருப்பி அனுப்புகிற கண் அவளுக்கு. காதும் அப்படித்தான். பாடுகிறவர் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால் அரைப் புள்ளி போய்விடும். இரண்டாம் சரணம் புதிதாக ஒன்றும் சொல்லாமல் முதலாம் சரணத்தையே மென்றுகொண்டிருந்தால் ஒரு புள்ளி. நடிகர் பெரியவர், இசையமைப்பாளர் பெரியவர் என்பதெல்லாம் அவளிடம் எடுபடாது.

கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு படத்தின் பாட்டுகள் வெளிவந்தால் அவளுடைய கணவர் தயாபரன் தன் போனில் இறக்கி வைப்பார். ஞாயிறு முடியும்வரை இருவரும் தொடமாட்டார்கள். திங்கள் காலை படகால் இறங்கி பஸ் ஏறியபின் முதல் தடவை. மாலையில் அவர் பட்டினத்திலிருந்து வரும் பஸ்சில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருக்க, அவள் வேலணையில் ஏறியதும் இரண்டாம் தடவை. செவ்வாய் மூன்றாம் தடவை. புதன் காலை பஸ் புங்குடுதீவைக் கடந்து வாணர் தாம்போதியில் ஏற, இரண்டு பக்கமும் கடல் விரிந்ததும் கொண்டக்டர் சதீசன் பின்பக்கமாகத் திரும்பி, கோர்ட்டு கூடியாச்சு, கதைக்கிற ஆக்கள் நிப்பாட்டுங்கோ என்பான். அஜந்தா ஒவ்வொரு பாட்டாகப் புள்ளி சொல்லுவாள். பிறகு தயாபரன் தன்னுடையதைச் சொல்லுவார்.

இடப்பக்கத்து மூன்றாவது இருக்கை அவர்களுடையது. அவள் யன்னலோரம், அவர் அவளுக்கு வலப்புறம். ஒரே இயர்போன். வலக்காதுக்கென்று வளைத்துச் செய்த குமிழ் அவளுக்கு, இடக்காதுக்கானது அவருக்கு. தன்னுடைய குமிழில் அவள் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. தயாபரனின் இடக்காது சின்ன வயதிலிருந்தே சீழ் வடிகிற காது. இடம்பெயர்ந்து அலைந்த வருடங்களில் மருந்தில்லாமல் விட்டது, மாரிகாலத்தில் இன்னும் ஒழுகும். கேட்பதில் குறையில்லை, ஆனால் பக்கத்தில் இருந்தால் மணக்கும். அஜந்தா சுத்தம் பார்க்கிறவள். அவருடைய குமிழ் தவறியும் தன் காதுக்குள் போய்விடக்கூடாது என்பதற்குத்தான் அந்தப் பொட்டு. இப்படிச் சேர்ந்து கேட்கத் தொடங்கிய பதினொரு வருடத்தில் ஐந்தாறு இயர்போன் பழுதாகிப் புதிது வாங்கியாயிற்று. வாங்கிய அன்றே பொட்டு ஏறிவிடும்.

வேலணையில் அவள் இறங்கியபின் தயாபரன் இரண்டு குமிழ்களையும் மாட்டிக்கொண்டு, தான் வேலை செய்த பட்டினத்து இரும்புக் கடை வரை கேட்டுக்கொண்டு போவார். அதைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

இருவரும் ஒரே பாட்டைக் கேட்டாலும் கேட்கிற விதம் வேறு. அவளுக்குச் சொல்லும் குரலும். அவருக்கு இடையில் வருவது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வீணை ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அதற்காகவே ஒரு புள்ளி கூட்டிப் போடுவார். அவள் அதை இளகிய மனதென்று நினைத்தாள். புள்ளி போடுகிறவருக்கு அது கூடாது என்றும் நினைத்தாள்.

நாலு வருடத்துக்கு முன்னர் ஒரு மாரிகாலத்தில் ஒரு புது இசையமைப்பாளரின் தொகுப்பு வந்தது. படம் பின்னர் ஓடவேயில்லை. அதில் நாலாவது பாட்டு ஒரு பெண் தனியே பாடுவது. ஒரு வரி பாடுவாள், நிற்பாள். கதவை யாரோ விரலால் தட்டுவதுபோல ஒரு தாளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பிறகு அடுத்த வரி. திரும்பவும் அதே தட்டல். பாட்டில் அரைவாசியை வெறுமனே விட்டுவிட்டு இசையமைப்பாளர் நித்திரைக்குப் போயிருக்கிறார் என்று அஜந்தா சொன்னாள். புள்ளி இரண்டு.

தயாபரன் ஒன்பது என்றார்.

அவர் ஒருநாளும் ஒன்பது கொடுத்ததில்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் இருக்கையில் இருந்த கோபிசங்கர் மாஸ்ரர், பட்டினப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிற நயினாதீவுக்காரர், ஒன்பது எப்படி வந்ததென்று கணக்குப்போலச் செய்கை வழியைக் காட்டும்படி கேட்டார்.

“அவள் பாடி நிப்பாட்டுற இடத்தில நாயனம் வருது மாஸ்ரர்” என்றார் தயாபரன். “தூரத்தில. நாங்கள் படகில வரேக்க அம்மன் கோயில்ல இருந்து காத்தோட கேக்குமே, அப்பிடி.”

அஜந்தா மூன்று தடவை கேட்டவள். அந்தப் பாட்டில் நாயனம் இல்லை. அதை அவள் சொன்னாள். தயாபரன் கோபப்படவில்லை. தன் காதிலிருந்த குமிழையும் கழற்றி, இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “இரண்டையும் போட்டு ஒருக்காக் கேளும்.”

அவள் பொட்டில்லாத குமிழைப் பார்த்தாள். மழை நாள், அதில் ஈரம் மினுங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்கட காதுக்குள்ள கிடந்ததை நான் வைக்கிறதே?” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “சீழ் இரையுறது உங்களுக்கு நாயனமாக் கேக்குது போல.”

பஸ் சிரித்தது. பிடித்து நின்றவர்கள் குனிந்து சிரித்தார்கள். தயாபரனும் சிரித்தார். குமிழ்களைச் சட்டைப் பைக்குள் போட்டார். அன்று மாலை அவர் பட்டினத்தில் பஸ் ஏறியபோதே சதீசன், “வாங்கோ நாயனம் அண்ணை” என்று கூப்பிட்டானாம். ஒரு கிழமைக்குள் அந்தப் பெயர் படகுக்கு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் இரும்புக் கடைக்கும் போய்விட்டது. வீட்டில் ஒருமுறை அவர் போனை மேசையில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டார். சின்ன ஸ்பீக்கர், வெளியே சோளகக் காற்று, ஒன்றும் தெளிவாக இல்லை. இரண்டாவது வரியில் அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்கு எழும்பிப் போனாள்.

அடுத்த படத்துக்குப் புள்ளி கேட்டபோது தயாபரன், “நீர் சொல்லும்” என்றார். அதற்கடுத்த படத்துக்கும் அப்படியே. முதல் சில மாதம் சதீசன் வற்புறுத்திப் பார்த்தான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். அவர் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. மூன்று தடவையும் தன் பக்கத்துக் குமிழோடு, கண்ணை மூடிக்கொண்டு, அவளருகில் இருந்தார். தன் தீர்ப்போடு அவருக்கு ஒத்துப்போய்விட்டது என்று அஜந்தா நினைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் மாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் தயாபரன் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடி கதிரையில் இருந்தார். துவாய் தலையிலேயே கிடந்தது. அஜந்தா சோறு போட்டுவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டாள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

பஸ்காரர் எல்லோரும் படகேறிச் செத்த வீட்டுக்கு வந்தார்கள். காசு சேர்த்துக் கண்ணீர் அஞ்சலிக் கடதாசி அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். இறங்குதுறைச் சுவரிலும், வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பிலும், பஸ்சுக்குள் டிரைவரின் முதுகுப்பக்கத்துப் பலகையிலும் அது ஒட்டப்பட்டது. அமரர் அம்பலவாணர் தயாபரன், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் நாயனம். அந்தப் பெயர் போடாவிட்டால் பலருக்கு ஆளைத் தெரியாது என்று கோபிசங்கர் மாஸ்ரர்தான் எழுதிக் கொடுத்தாராம். அன்பாகத்தான் போட்டிருந்தார்கள். வந்த சனம் அதை வாசித்துவிட்டு, ஓம் ஓம், நாயனம் அண்ணை என்று தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அந்தப் பெயர் எங்கேயிருந்து பிறந்தது என்பது அங்கே அழுதுகொண்டிருந்தவர்களில் ஒருத்திக்கு நன்றாகத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இரண்டாம் நாள் அஜந்தா வேலைக்குத் திரும்பினாள். மூன்றாவது இருக்கையை அவளுக்காக வெறுமையாக விட்டிருந்தார்கள். அவள் யன்னலோரம் போய் இருந்தாள். பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. புங்குடுதீவில் சனம் நிறைந்து பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகும் அந்த அரை இருக்கை அப்படியே கிடந்தது. நிமிர்ந்தால் நேர் எதிரே பலகையில் அவருடைய படம், அதற்குக் கீழே அடைப்புக்குறி.

ஏதோ ஒன்று குறைகிறது என்று அவளுக்கு மூன்றாம் நாள்தான் விளங்கியது. பஸ்சில் பாட்டு இல்லை. அவள் ஏறினதும் டிரைவர் நிறுத்திவிடுகிறார், வேலணையில் அவள் இறங்கி நாலு அடி நடந்ததும் பின்னால் பாட்டுத் தொடங்குகிறது. துக்கக்காரிக்குக் கொடுக்கும் மரியாதை. இதற்குள் ஒரு பெரிய படத்தின் பாட்டுகள் வந்திருந்தன. பொடியள், பெட்டையள் வாயே திறக்கவில்லை. அறுபது பேர் டயர் ஓடும் சத்தத்தையும் யன்னல் கண்ணாடி அடிக்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி போனார்கள். அவளுக்காக.

புதன் வந்தது. பஸ் தாம்போதியில் ஏறியது. சதீசன் வழக்கத்தில் பின்னுக்குத் திரும்பி, பிறகு கோர்ட்டைக் கூட்டாமல் ரிக்கற் புத்தகத்தைப் பார்த்தான். அஜந்தா கைப்பையைத் திறந்தாள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அழைப்பு எடுப்பார்கள் என்று தயாபரனின் போனை அவள்தான் வைத்திருந்தாள். இயர்போனும் சுருண்டபடி அதோடு கிடந்தது. அவர் கடைசியாக என்ன கேட்டார் என்று பார்க்கத் தோன்றியது. கூடுதலான தரம் கேட்ட பாட்டுகள் என்ற வரிசையில் முதலாவதாக நின்றது அந்த நாலாவது பாட்டு.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளோடு மூடிக்கொண்டு, பொட்டு வைத்த குமிழை வலக்காதில் செருகினாள். பெண் பாடினாள், நின்றாள். கதவுத் தட்டல். பாடினாள், நின்றாள். நாலு வருடத்துக்கு முன் கேட்டது அப்படியே இருந்தது. இப்போதும் இரண்டுதான். அதில் அவளுக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது. மற்றக் குமிழ் வெறும் இருக்கையில் கிடந்து பஸ்சின் ஆட்டத்துக்கு உருண்டது. எடுத்தாள். சத்தம் வரும் சின்ன வலையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கத் துணி தேடவில்லை. அப்படியே இடக்காதில் வைத்தாள்.

முதலாவது வரி முடிந்தது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வரி முடிந்து தட்டல் தொடங்கியதும் இடப்பக்கத்தில், மிகவும் தள்ளி, நாயனம் எழுந்தது. முழுதாக வரவில்லை. காற்றுத் திசை மாறினதுபோலப் பாதியில் நின்றுபோனது. மூன்றாவது வரி முடிய விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு வந்தது. பெண் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரியைத் தொடங்கினாள்.

வேலணை வந்து பஸ் நின்று, சதீசன் இரண்டு தரம் “அக்கா” என்று கூப்பிட்ட பிறகுதான் அவள் எழும்பினாள்.

அன்று கந்தோரில் ஒரே கடிதத்தை மூன்று தரம் பிழையாக அடித்தாள். பாட்டைப் பதியும்போது சில வாத்தியங்களை இடப்பக்கம், சிலதை வலப்பக்கம் என்று ஒதுக்கி வைப்பார்கள் என்பது அவள் அறியாத சங்கதி அல்ல. பத்திரிகையில்கூட வாசித்திருக்கிறாள். வாசித்ததை அந்த மூன்றாவது இருக்கைக்கு அவள் கொண்டுவரவில்லை. பதினொரு வருடமாக எத்தனை படம், எத்தனை பாட்டு. எல்லாவற்றிலும் பாதியைக் கேட்டுவிட்டு முழுப் பாட்டுக்கும் புள்ளி போட்டிருக்கிறாள். அது போகட்டும். அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டியபோது வாங்கியிருந்தால் நாலு நிமிடத்தில் முடிந்திருக்கும் சங்கதி.

வீட்டில் தயாபரனின் தங்கை கிருசாந்தி இருந்தாள். கலியாணம் செய்யாதவள், நயினாதீவில் முன்பள்ளி ஆசிரியை. மாலை குசினியில் அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அஜந்தா போய் நின்று, அந்தப் பாட்டில் நாயனம் இருக்கிறது என்றாள்.

கிருசாந்தி கத்தியை வைக்கவில்லை. “ஓம். இருக்கு.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“அண்ணை எனக்குப் போட்டுக் காட்டினவர். ரெண்டு காதிலயும் வச்சுக் கேட்டனான்.”

நாலு வருடமாக ஏன் சொல்லவில்லை என்பதை அஜந்தா கேட்காமலே கிருசாந்தி சொன்னாள். தான் அப்போதே பஸ்சுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் சொல்லட்டா என்று தமையனைக் கேட்டாளாம். “உங்களை வெண்டு என்னத்தைச் செய்யிறது எண்டார். பிறகு அதைப்பற்றிக் கதைக்க விடேல்லை.”

மீன் செதில் நிலத்தில் தெறித்துக்கொண்டிருந்தது. தான் பஸ்சில் சொல்லப்போவதாக அஜந்தா சொன்னாள். அப்போதுதான் கிருசாந்தி தலையை நிமிர்த்தினாள். ஆண்டுத் திவசம் முடியட்டும் என்றாள். முப்பத்தொன்று முடிந்து கிழமை இரண்டாகவில்லை, அந்தச் சனம் இவளுக்காகப் பாட்டை நிறுத்தி வைத்திருக்கிறது, அதற்குள் இவள் சேலைத் தலைப்புக்குள் படப்பாட்டுக் கேட்டாள் என்றால் என்ன கதைப்பார்கள் என்றாள். “உங்களைத்தான் சனம் கதைக்கும், மச்சாள். அண்ணையை ஒருத்தரும் நினைக்காயினம்.”

அதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆண்டுத் திவசம் வரும்வரை அஞ்சலிக் கடதாசி இருக்காது. கடல் காற்றில் இறங்குதுறையில் ஒட்டியது ஏற்கெனவே ஓரம் கிழியத் தொடங்கிவிட்டது. கடதாசி போய்விடும், பெயர் மட்டும் அது சீழில் பிறந்தது என்ற கதையோடு பஸ்சில் நிற்கும். ஒரு கிழமை அவள் பொறுத்தாள். ஒவ்வொரு நாளும் தாம்போதியில் எழும்ப நினைத்து, எழும்பாமல் வேலணையில் இறங்கினாள்.

அடுத்த புதன் பஸ் தாம்போதியில் ஏறியதும் எழுந்து நின்றாள். சதீசனிடம் போனைக் கொடுத்து, பஸ் ஸ்பீக்கர் வயரைப் பூட்டி இந்தப் பாட்டைப் போடு என்றாள். அவன் போனை வாங்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

“போடு தம்பி. நான்தான் சொல்லுறன்.”

அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். மேடையில் பேசிப் பழகாதவள். நாலு வருடத்துக்கு முன் இதே இடத்தில் தான் ஒரு பாட்டுக்கு இரண்டு போட்டதையும், அவர் ஒன்பது போட்டதையும், அவருடைய காதைப் பற்றித் தான் சொன்னதையும், சொன்ன சொல்லைக் குறைக்காமல் அப்படியே சொன்னாள். போன புதன் இதே பஸ்சில் களவாகப் பாட்டுக் கேட்டதையும் சொன்னாள். யாரோ ஒரு மனுசி நாக்கால் சத்தமிட்டாள். “அவர் சொன்ன நாயனம் அதில இருக்கு. நீங்களே கேளுங்கோ” என்று முடித்தாள்.

சதீசன் போட்டான். பாட்டு பஸ்சை நிறைத்தது. பெண் பாடினாள், நின்றாள். கதவுத் தட்டல். இரண்டாவது வரி முடிந்தது. அஜந்தா கையை உயர்த்தினாள், இதோ என்பதுபோல. கதவுத் தட்டல் மட்டும் கேட்டது. மூன்றாவது வரி. நாலாவது. வெறும் தட்டல். உயர்த்திய கை அந்தரத்தில் நின்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்னர் சிரித்தவர்கள்தான், இப்போது தலையைக் குனிந்துகொண்டார்கள். கோபிசங்கர் மாஸ்ரர் எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, “நீர் இரும் அஜந்தா” என்றார். “எங்களுக்கு விளங்குது. எங்களுக்கும் அந்தாளின்ர நினைவாத்தான் கிடக்கு.”

அவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. நாயனம் இப்போது பெண்சாதிக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது. இனி அந்தக் கதையும் சேர்ந்து போகும். அவள் பாட்டு வந்த திசையைப் பார்த்தாள். வலப்பக்கம். முன்னாலும் வலப்பக்கம், பின்னாலும் வலப்பக்கம். தன் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரைக் கையால் தொட்டாள். ஒரு அதிர்வும் இல்லை.

“இந்தப் பக்கம் செத்துப் போச்சு” என்றாள். “நாயனம் இந்தப் பக்கத்திலதான் இருக்கு.”

மாஸ்ரர், ஓம் ஓம் என்றார், காய்ச்சல்காரரோடு பேசும் குரலில். அவள் வயரைப் பிடுங்கி இயர்போனைப் போனில் செருகி, இரண்டு குமிழ்களையும் உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள். அவருடைய கை பாதி தூரம் வந்தது. பொட்டில்லாத குமிழைக் கண்டதும் நின்றது. அவர் அதைத் தெரிந்து செய்யவில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தை அஜந்தாவுக்குத் தெரியும், அது அவளுடையது. அந்தக் காதைப் பற்றி இந்த பஸ்சுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

கை நீட்டியபடியே நின்றாள். தாம்போதி முடிய இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது.

சதீசன் ரிக்கற் புத்தகத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வந்து, இரண்டையும் எடுத்து, துடைக்காமல் காதுகளில் வைத்தான். அவள் பாட்டை முதலிலிருந்து போட்டாள். அவன் மேல் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வேலணைக்குள் இறங்கியது. முதலாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டியவர்கள் மணி அடித்தார்கள், டிரைவர் தானாகவே நிறுத்தி எடுத்தார். சதீசன் அசையவில்லை. பிறகு ஒன்றைக் கழற்றினான்.

“ஓம் அக்கா. நாயனம் இருக்கு.”

“நீ அக்காவுக்காகச் சொல்லுறாய்” என்றார் மாஸ்ரர், மெதுவாக.

அஜந்தாவுக்கும் அதுதான் பயம். இரக்கத்தில் சொன்ன ஓம் அவளுக்கு வேண்டாம். பாட்டைப் பற்றிப் பதினொரு வருடம் பேசிய அதே குரலில் கேட்டாள்: “எந்த இடத்தில வருது?”

சதீசன் யோசித்தான். “முதல் வரி முடிய இல்லை. ரெண்டாவது முடியத்தான். அதுவும் முழுக்க ஊதாமல் நடுவில நிண்டு போகுது. பிறகு மூண்டாவதுக்குப் பிறகு, விட்ட இடத்தில இருந்து வருது.” கொஞ்சம் நிறுத்தி, “இந்தப் பக்கம்” என்று தன் இடக்காதைத் தொட்டுக் காட்டினான்.

சதீசனின் பார்வை டிரைவரின் முதுகுப்பக்கத்துப் பலகைக்குப் போனது. “அக்கா, அந்தப் பேரைக் கிழிச்சு விடட்டோ?”

அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். கிழித்தால் என்ன, விட்டால் என்ன என்று இரண்டு விதமாகவும் தோன்றியது. அதற்குள் பிரதேச செயலகத்து நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கும்போது பின்னால் மாஸ்ரர் சதீசனிடம், இங்கே கொண்டு வா பார்ப்போம் என்று சொல்வது கேட்டது. அவள் திரும்பவில்லை. பஸ் புறப்பட்டது. போன் அதற்குள்ளேயே போனது. அவள் நாலு அடி நடந்து நின்று பார்த்தாள். அன்று பின்னால் பாட்டுத் தொடங்கவில்லை.

மாலை பஸ் வழக்கத்துக்குப் பிந்தி வந்தது. மாஸ்ரர் முன் இருக்கையில் இருந்தார். போனையும் இயர்போனையும் ஒரு வெள்ளைக் கடதாசியில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். படகில் ஏறும்போது இறங்குதுறைச் சுவரில் அவர் எழுதிக் கொடுத்த கடதாசியின் முன்னால் சற்று நின்றார். படகு புறப்பட்டுத் துறையை விட்டு விலகிய பிறகு, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்படி அவள் பக்கம் குனிந்தார்.

“தயாபரன் அதுக்கு எத்தினை குடுத்தவர்?”

நாலு வருடத்தில் அவர் வாயில் அந்தப் பெயரை அவள் கேட்டதில்லை.

“ஒன்பது.”

மாஸ்ரர் தலையை ஆட்டினார். “அது கொஞ்சம் கூடிப்போச்சு. நாயனம் நல்லாத்தான் இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கடைசிச் சரணத்தில இசையமைச்சவன் அதைக் கொண்டு வராமல் விட்டுட்டான். எட்டுக் காணும்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டினம் போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை கேட்டிருக்கிறார் என்பது தெரிந்தது. கடைசிச் சரணத்தில் ஏன் வரவில்லை என்பதற்கு அஜந்தாவிடம் ஒரு பதில் இருந்தது. அந்த இடத்தில் பெண் நிறுத்தாமல் பாடிக்கொண்டு போகிறாள், நாயனத்துக்கு அவள் இடமே விடவில்லை, அதனால் அது குறையில்லை. அதற்காகத்தான் தயாபரன் ஒன்பது போட்டிருப்பார். சொல்ல வாயெடுத்தாள். இது அவர் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி என்று பட்டது.

“இது நீங்கள் அவரோட கதைச்சிருக்க வேண்டிய கதை மாஸ்ரர்” என்றாள். “நானும்தான்.”

எதிரே கோயில் கோபுரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாலைப் பூசை நேரம். எஞ்சின் சத்தத்தில் கரையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறதா என்று இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.